பந்தைத் தொடாத லைன்மேன் எப்படிப் பயிற்சியாளர் ஆகிறார்? ஃபாரஸ்ட் கிரெக்கை முன்வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கக் கால்பந்தில் பந்தைத் தொடவே வாய்ப்பில்லாத லைன்மேன் ஒருவர், மொத்த ஆட்டத்தையும் நடத்துகிற தலைமைப் பயிற்சியாளராக எப்படி வர முடிகிறது என்பது முதலாவது. அதற்கு, லைன்மேனாகப் பெயர் பெற்றுப் பிறகு பயிற்சியாளரான ஃபாரஸ்ட் கிரெக்கை உதாரணமாக எடுத்து, "என்எஃப்எல்லில் 75 வெற்றி, 85 தோல்வி, ஒரு சமன். அப்படியானால் ஆடும்போது பெரிய ஆள், பயிற்சியாளராகத் தோற்றவர், அவ்வளவுதானே?" என்று முடித்திருக்கிறீர்கள். இது இரண்டாவது. என்எஃப்எல் என்கிற அந்தத் தொழில்முறை லீக்கின் எண்கள் சரிதான். ஆனால் மூன்று அணிகள், பதினொரு பருவங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகிறது. பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஆட்டத்தை ஆடியவனில்லை. பிழைப்பு மென்பொருள், ஊர் ஒஹாயோ. மகன் பள்ளி அணியில் சேர்ந்த வருடம், லைன் பையன்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பெற்றோர்களிடம் கேட்டார்கள். என் உருவத்தைப் பார்த்துப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். மகன் படித்து முடித்துப் போய்விட்டான். நான் பதினோராவது வருடமாக அங்கேயே நிற்கிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் நாள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பந்தைப் பார்க்காதே, கால்களைப் பார். அதற்குப் பிறகு பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்ப்பதே ஒரு நோயாகிவிட்டது. ஆக, பள்ளி மைதானத்து அனுபவத்தை வைத்துக்கொண்டு தொழில்முறை ஆட்டத்தை எடைபோடுகிறேன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. தாக்கும் அணியின் லைனில் ஐந்து பேர்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்ட், ஓரங்களில் டேக்கிள். இதில் சென்டர் ஒவ்வொரு ஆட்டத் துணுக்கிலும் பந்தைத் தொடுகிறார். அவர் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்தால்தான் ஆட்டமே தொடங்கும். பந்து கீழே விழுந்து உருண்டால் மற்ற நால்வரும் பாய்ந்து எடுக்கலாம். மற்றபடி நீங்கள் சொல்வது சரி. பந்தோடு ஓடுகிறவருக்கு வழி திறப்பதும், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை எதிரிகள் தொடாமல் மறிப்பதும்தான் இவர்கள் வேலை. கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி. சாப்பாடு நன்றாக இருந்தால் யார் சமைத்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள், உப்பு கூடினால்தான் ஆளைத் தேடுவார்கள். எதிரியைப் பிடித்து இழுத்ததாக நடுவர் கொடி எறிந்தால்தான் லைன்மேனின் எண் ஒலிபெருக்கியில் கேட்கும். அவர்களுக்கென்று ஓட்டக் கணக்கோ, புள்ளிக் கணக்கோ கிடையாது.

இந்த வேலையில்தான் பயிற்சியாளருக்கான விதை இருக்கிறது என்பது என் எண்ணம். பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் பையன் உள்ளுணர்வால் ஒரு பக்கம் திரும்பித் தப்பிவிடுவான். எப்படித் திரும்பினாய் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. லைனில் அப்படித் தப்ப முடியாது. வலது கார்டுக்குத் தன் வேலை தெரிந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் இருக்கும் டேக்கிள் எந்தக் காலை முதலில் வைப்பான், சென்டர் யாரை விட்டுவிடுவான், எதிரணி கடைசி நொடியில் இடம் மாறினால் ஐவரின் வேலையும் எப்படி மாறும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு தவறையும் அடி அடியாகப் பிரித்துச் சொல்லித்தான் திருத்த முடியும். பிரித்துச் சொல்லிக் கேட்டே வளர்ந்தவனுக்குப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கவும் வருகிறது. வரலாற்றிலும் இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1950-களில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் பால் பிரவுன், அடுத்து என்ன ஆடுவது என்பதைக் கார்டுகள் மூலம்தான் உள்ளே சொல்லி அனுப்புவார். இரண்டு கார்டுகள் மாறி மாறித் தூதுவர்களாக ஓடுவார்கள். அப்படி ஓடியவர்களில் ஒருவர் சக் நோல். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு 1969-இல் தலைமைப் பயிற்சியாளராகப் போய், முதல் பருவத்தில் 1-13 (ஒரு வெற்றி, 13 தோல்வி) என்று மண்ணைக் கவ்வி, பிறகு லீக்கின் இறுதிப் பட்ட ஆட்டமான சூப்பர் பௌலை நான்கு முறை வென்றவர். பயிற்சியாளரின் தலைக்குள் இருப்பதை ஆட்டத்துக்கு ஆட்டம் சுமந்து ஓடியதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் அவருக்கு வேறென்ன இருந்திருக்கும்?

சரி, கிரெக்குக்கு வருவோம். 1933-இல் டெக்சாஸின் பர்த்ரைட் என்ற சிற்றூரில் பிறந்தவர். டல்லஸில் உள்ள சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடினார். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் வருடாந்திரத் தேர்வில், 1956-இல் கிரீன் பே பேக்கர்ஸ் இரண்டாம் சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. 1957 ராணுவச் சேவையில் போயிற்று. அவர் திரும்பி வந்த வருடம் அணி படுமோசமாக ஆடியது. அடுத்த வருடம், 1959-இல், வின்ஸ் லம்பார்டி பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். லம்பார்டியே கல்லூரியில் கார்டாக ஆடியவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரெக் சுமார் 193 சென்டிமீட்டர் உயரம், 113 கிலோ. நமக்குப் பெரிய உருவமாகத் தோன்றும். டேக்கிள் வேலைக்கு அந்தக் காலத்திலேயே அது கொஞ்சம் குறைவுதான். இன்றைக்கு அந்த எடையில் ஒருவனைக் கல்லூரி அணி லைனில் நிறுத்தவே யோசிக்கும். அதனால் அவர் வேறு வழி பிடித்தார். எதிரில் நிற்கப்போகிறவனின் ஆட்டப் படச்சுருளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அவன் எந்தக் காலை முன்னால் வைத்தால் உள்ளே வருவான், எந்தத் தோளைத் தாழ்த்தினால் வெளியே சுற்றுவான் என்று மனப்பாடம் செய்துகொண்டு மைதானத்தில் இறங்குவார். பலத்தில் முட்டி மோதுவதைவிட, எதிரி போக நினைக்கும் இடத்துக்கு முன்பே போய் நின்றுவிடுவதுதான் அவர் பாணி. பழைய கறுப்பு வெள்ளைப் பதிவுகளில் கிரெக்கின் பாதங்களை மட்டும் பாருங்கள், பெரிய உருவத்துக்குப் பொருந்தாத ஒரு நடனம் தெரியும். சக வீரர் ஜெர்ரி கிரேமர் காயப்பட்டபோதெல்லாம் டேக்கிள் இடத்தை விட்டுக் கார்டாகவும் நின்றார். இரண்டு இடத்து வேலையையும் உள்ளும் புறமும் தெரிந்தவருக்குத்தான் அது முடியும். 188 ஆட்டங்கள் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து ஆடியது அன்றைக்கு லீக் சாதனை. பேக்கர்ஸோடு ஐந்து சாம்பியன் பட்டங்கள், முதல் இரண்டு சூப்பர் பௌல்கள், கடைசியாக 1971 பருவத்தில் டல்லஸ் கவ்பாய்ஸோடு இன்னொரு சூப்பர் பௌல். 1977-இல், தொழில்முறைக் கால்பந்தின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கும் புகழ்மாளிகையில் இடம். தான் பயிற்றுவித்தவர்களிலேயே கிரெக்தான் சிறந்தவர் என்று லம்பார்டி சொன்னது எல்லாக் கட்டுரைகளிலும் வரும். அந்த அணியில் பார்ட் ஸ்டார், பால் ஹார்னங், ரே நிட்ஷ்கி போன்ற நட்சத்திரங்கள் எல்லாம் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் கனம் புரியும்.

இந்த இடத்தில் ஒரு ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும், பின்னால் தேவைப்படும். 1967 டிசம்பர் 31, கிரீன் பேயின் லாம்போ மைதானம், சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம், எதிரே டல்லஸ். வெப்பநிலை மைனஸ் 25 செல்சியஸ். தரை கண்ணாடியாக உறைந்துவிட்டது. பேக்கர்ஸ் மூன்று புள்ளி பின்தங்கியிருக்க, பந்து எதிரியின் கோட்டிலிருந்து ஒரு கஜத்துக்கும் குறைவான தூரத்தில். பதினாறு விநாடி மீதம். குவார்ட்டர்பேக் ஸ்டார் பந்தைத் தானே வைத்துக்கொண்டு கிரேமரின் முதுகுக்குப் பின்னால் பாய்ந்து கோட்டைத் தாண்டினார். 21-17. கிரேமருக்குப் பக்கத்தில் வலது டேக்கிளாக நின்றவர் கிரெக். ஐஸ் பௌல் என்று பெயர் பெற்ற ஆட்டம் அது. ஒரு கஜத்துக்காக லைன்மேன்கள் என்ன செய்கிறார்கள் என்று என் பையன்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் இன்றும் அதைத்தான் போட்டுக் காட்டுவேன். இரண்டாவது தடவை போடும்போது கொட்டாவி விடுகிறார்கள், அது வேறு விஷயம்.

ஆடுவதை விட்ட பிறகு கிரெக் நேராகத் தலைமை நாற்காலிக்குப் போகவில்லை. சான் டியகோவில் உதவியாளர், பிறகு கிளீவ்லேண்டில் லைன் பயிற்சியாளர். 1975-இல் கிளீவ்லேண்ட் அவரையே தலைமைப் பொறுப்புக்கு உயர்த்தியது. முதல் ஒன்பது ஆட்டமும் தோல்வி. பருவ முடிவில் 3-11. அடுத்த வருடமே 9-5 என்று தூக்கி நிறுத்தி, அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார். 1977-இல் நன்றாகத் தொடங்கி, குவார்ட்டர்பேக் பிரையன் சைப் காயத்தில் வெளியேறியதும் அணி சரிந்தது. கடைசி ஆட்டத்துக்கு முன்பே கிரெக்கின் வேலையும் போயிற்று. 1979-இல் கனடாவின் டொரான்டோ அணி, 5-11. அது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

1980-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ். அணியின் சொந்தக்காரரும் பொது மேலாளரும் வேறு யாருமில்லை, அதே பால் பிரவுன். இங்கேதான் உங்கள் முதல் கேள்விக்கான நேரடிப் பதில் இருக்கிறது. அந்த வருடத் தேர்வில் அணிக்கு மூன்றாம் இடம். அவர்கள் கண் வைத்தது ஆண்டனி முன்யோஸ் என்ற தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேக்கிள்மீது. 198 சென்டிமீட்டர், நூற்றிருபது கிலோவுக்கு மேல், உருவத்துக்கு மீறிய கால் வேகம். ஆனால் முழங்காலில் மூன்று அறுவை சிகிச்சை. கடைசிக் கல்லூரிப் பருவத்தில் முதல் ஆட்டத்திலேயே அடிபட்டு, பிறகு பருவத்தின் கடைசி ஆட்டமான ரோஸ் பௌலில்தான் மறுபடி இறங்கினார். பல அணிகள் அந்த முழங்காலைப் பார்த்துப் பின்வாங்கிய நேரம். கிரெக் தானே நேரில் போனார். போனவர் குறிப்பேடு வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கவில்லை. எதிரணித் தடுப்பாளராகத் தானே எதிரில் நின்று, நாற்பத்தாறு வயதில், பையனைத் தாண்டிப் போகப் பார்த்தார். ஒரு சுற்றில் அவர் உள்பக்கம் திரும்ப, முன்யோஸ் இரண்டு கைகளையும் நீட்டித் தள்ளிவிட்டார். வருங்கால முதலாளி மல்லாந்து விழுந்தார். முன்யோஸ் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க, கிரெக் சிரித்தபடி எழுந்தார். இந்தக் கதையை முன்யோஸே பல தடவை சொல்லியிருக்கிறார்.

எனக்கு இந்தக் கதை பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1978-இல்தான் பாஸ் ஆட்டத்தில், அதாவது குவார்ட்டர்பேக் பந்தை எறியும் ஆட்டத்தில், லைன்மேன்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து மறிக்கலாம் என்று விதி மாறியது. அதற்கு முன்பு கையை நெஞ்சோடு சேர்த்துத் தோளாலும் முழங்கையாலும் மறிக்க வேண்டும். கிரெக்கின் தலைமுறை முழுக்கப் பழைய விதியில் வளர்ந்தது. அவரை விழத்தட்டிய அந்த நீட்டிய கைகள் புதிய காலத்தின் கைகள். விழுந்த கணத்திலேயே அவர் அதைப் புரிந்துகொண்டார் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். இது என் ஊகம், அவர் அப்படிச் சொன்னதாக எங்கும் நான் படிக்கவில்லை. ஆனால் ஊகமில்லாத பகுதி இதோ: எக்ஸ்ரே படத்தில் முழங்கால் எப்படி இருந்தாலும், அந்தப் பையனின் எடை எந்தக் காலில் நிற்கிறது, தள்ளும்போது இடுப்பு தாழ்கிறதா என்பதை முட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ள ஒரு லைன்மேனால் முடிந்தது. பெங்கால்ஸ் முன்யோஸை எடுத்தது. பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பௌல் ஆட்டத்துக்குப் பதினொரு தடவை தேர்வு, 1998-இல் புகழ்மாளிகை. இடது டேக்கிள்களில் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யார் என்று என்னைப் போன்றவர்கள் சண்டை போடும்போது முதலில் வரும் பெயர் அவருடையதுதான். அதே வருடம் லைன் பயிற்சியாளராக வந்த ஜிம் மெக்னலியையும் சொல்லாமல் விடக்கூடாது. அன்றாடம் அந்த ஐந்து பேரைச் செதுக்கியவர் அவர். தலைமைப் பயிற்சியாளரின் பேரில் எழுதப்படும் பாராட்டில் பாதி இப்படிப்பட்டவர்களுக்குச் சேர வேண்டியது.

1980-இல் 6-10. 1981-இல் 12-4. குவார்ட்டர்பேக் கென் ஆண்டர்சன் அந்த ஆண்டின் மதிப்புமிக்க வீரர். 1982 ஜனவரி 10, சின்சினாட்டியின் ரிவர்ஃபிரண்ட் மைதானத்தில் சான் டியகோ சார்ஜர்ஸோடு ஆட்டம். சார்ஜர்ஸ் அதற்கு முந்தைய வாரம் மயாமியின் புழுக்கத்தில் கூடுதல் நேரம்வரை ஆடி ஜெயித்துவிட்டு வந்திருந்தார்கள். இங்கே மைனஸ் 23 செல்சியஸ், போதாததற்குக் காற்று வேறு. வெப்பமானியின்படி ஐஸ் பௌல் ஒரு படி மேல். காற்றையும் சேர்த்து உடம்பில் உறைக்கும் குளிரைக் கணக்கிட்டால் இதுதான் மேல். இரண்டிலும் இருந்தவர் கிரெக்: ஒன்றில் லைனில், ஒன்றில் மைதான ஓரத்தில் பயிற்சியாளராக. பெங்கால்ஸின் லைன்மேன்கள் அன்று முழுக்கைச் சட்டை இல்லாமல், கைகளை மூடாமல் மைதானத்தில் இறங்கினார்கள். எதிரிகள் நடுங்கிக்கொண்டிருக்க, எங்களுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக. பைத்தியக்காரத்தனம்தான், என் பையன்கள் செய்தால் நான் திட்டுவேன். ஆனால் வேலை செய்தது. 27-7. நான் ஒஹாயோ வந்து இத்தனை வருடத்தில், அன்று மைதானத்தில் இருந்ததாகச் சொல்லும் ஆட்களை எண்ணினால் அந்த மைதானம் கொள்ளாது.

இரண்டு வாரம் கழித்து டெட்ராய்ட் அருகே பாண்டியாக்கில் சூப்பர் பௌல். எதிரே சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ், அவர்களின் பயிற்சியாளர் பில் வால்ஷ். இங்கே ஒரு முன்கதை உண்டு. உங்கள் கேள்விக்கு எதிர்த்தரப்பு வாதமாகவே அது அமையும். வால்ஷ் பல வருடம் பால் பிரவுனிடம் சின்சினாட்டியில் உதவியாளராக இருந்தவர். 1976-இல் பிரவுன் பயிற்சிப் பொறுப்பை விட்டபோது தனக்குத்தான் கிடைக்கும் என்று இருந்தார். பிரவுன் தேர்ந்தெடுத்தது லைன் பயிற்சியாளர் பில் ஜான்சனை. அவர் ஆடிய காலத்தில் சென்டர். அதுவும் ஃபார்ட்டிநைனர்ஸின் சென்டர். ஜான்சன் முதல் வருடம் 10-4 என்று நன்றாகவே செய்தார். 1978-இல் ஐந்து தோல்விகளோடு தொடங்கியதும் விலகினார். வால்ஷ் வேறு ஊர் போய், பாஸ் ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றி எழுதினார். லைன்மேன்தான் நல்ல பயிற்சியாளர் என்று யாராவது சத்தியம் செய்தால் இந்த ஒரு கதையைச் சொன்னால் போதும், வாய் மூடிக்கொள்வார்கள்.

ஆட்டத்தில் பாதி நேரத்துக்குள் வால்ஷ் அணி 20-0. இடைவேளைக்குப் பின் பெங்கால்ஸ் பந்தை எதிரியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஒரு டச் டவுன் அடித்து, மூன்றாம் கால்பகுதியில் மறுபடி எதிரியின் கோட்டருகே வந்தார்கள். மூன்று கஜம் தூரம், நான்கு வாய்ப்பு. பெரிய உருவமான பீட் ஜான்சனிடம் பந்து கொடுத்து இரண்டு கஜம் கிடைத்தது. மீதி ஒரு கஜம். மறுபடி ஜான்சன், நகரவில்லை. மூன்றாவதாக ஓரத்தில் சார்லஸ் அலெக்சாண்டருக்கு ஒரு சின்னப் பாஸ். அவர் பிடித்துத் திரும்புவதற்குள் டான் பன்ஸ் என்ற லைன்பேக்கர் (தடுக்கும் அணியில் லைனுக்குப் பின்னால் நிற்பவர்) கோட்டுக்கு முன்னாலேயே கட்டிப்பிடித்து விழத்தட்டினார். நான்காவது, மறுபடி ஜான்சன். சுவரில் மோதியது மாதிரி நின்றுவிட்டது. கடைசியில் 26-21 என்று தோற்றார்கள். மொத்தக் கஜக் கணக்கில் 356-க்கு 275 என்று பெங்கால்ஸ்தான் முன்னால். ஐஸ் பௌலில் ஒரு கஜத்தை வென்று கொடுத்த லைன்மேன், பதினான்கு வருடம் கழித்து ஓரத்தில் நின்று தன் லைன் ஒரு கஜத்தில் தோற்பதைப் பார்த்தார். அவரால் உள்ளே இறங்கி யாரையும் முட்ட முடியாது. பயிற்சியாளர் வேலையின் கொடுமையே அதுதான். பள்ளி மைதானத்தில் நிற்கும் எனக்கே அந்தக் கை அரிப்பு வருகிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆக, சின்சினாட்டியில் நான்கு வருடம் 32-25. அதில் 1982-இன் வேலைநிறுத்தத்தால் சுருங்கிய பருவம் 7-2, 1983-இல் 7-9. இதைத் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் 85 தோல்விக் கணக்கைக் கனமாக்கியது அடுத்த நான்கு வருடங்கள். 1984-இல் தன் பழைய அணியான பேக்கர்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் ஒன்பது வருடம் இருந்து, தோல்விக் கணக்கோடு வெளியேறியவர் பார்ட் ஸ்டார். ஐஸ் பௌலில் கோட்டைத் தாண்டிய அதே குவார்ட்டர்பேக். லம்பார்டியின் குவார்ட்டர்பேக்கும் தோற்றார், லம்பார்டியின் டேக்கிளும் தோற்றார்: 8-8, 8-8, 4-12, 5-9-1. இதை வைத்துப் பார்த்தால் ஆடிய இடத்துக்கும் பயிற்சித் திறமைக்கும் முடிச்சுப் போடுவதே வீண் வேலை என்று தோன்றும்.

கிரீன் பேயில் ஏன் சரிந்தது? நிச்சயமாகச் சொல்லக்கூடியவை சில. மூத்த ஆட்டக்காரர்களைக் கூட்டமாக வெளியே அனுப்பி இளையவர்களைக் கொண்டுவந்தார். அந்த இளையவர்கள் நேரத்துக்குத் தேறவில்லை. சிகாகோ பேர்ஸோடு ஆட்டங்கள் விளையாட்டைத் தாண்டிய அடிதடியாகிப் பெயர் கெட்டது. 1986-இல் பேக்கர்ஸின் சார்லஸ் மார்ட்டின், பந்தை எறிந்து முடித்துவிட்ட சிகாகோ குவார்ட்டர்பேக் ஜிம் மக்மேனைத் தூக்கித் தரையில் அடித்து இரண்டு ஆட்டம் தடை வாங்கினார். இவையெல்லாம் பதிவில் இருப்பவை. கிரெக் லம்பார்டியின் கண்டிப்பை எடுத்துக்கொண்டார், லம்பார்டியின் ஆட்கள் அவரிடம் இல்லை என்று பலர் சொல்வது ஒரு விளக்கம். எனக்கும் அதில் பாதி உடன்பாடு. மீதிப் பாதியில் சந்தேகம், ஏனென்றால் அதே கண்டிப்புத்தான் கிளீவ்லேண்டையும் சின்சினாட்டியையும் ஒரே வருடத்தில் எழுப்பி நிறுத்தியது. கண்டிப்பான பயிற்சியாளருக்கு முதல் இரண்டு வருடம் நன்றாக இருக்கும், பிறகு ஆட்டக்காரர்களின் காது மூடிக்கொள்ளும் என்பது நான் பள்ளியிலேயே பார்த்தது. அதை நிரூபிக்க என்னிடம் தராசு இல்லை.

மற்ற லைன்மேன்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஆர்ட் ஷெல், ரெய்டர்ஸின் இடது டேக்கிள். 1989 அக்டோபரில் அதே அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 1920-களில் ஃபிரிட்ஸ் போலார்டுக்குப் பிறகு என்எஃப்எல்லில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். முதல் தடவை 54-38 என்று கௌரவமான கணக்கு. 2006-இல் திரும்ப அழைத்தார்கள், 2-14. அதே ஆள், அதே அணி. பிறகு ஜெஃப் சாட்டர்டே: இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் அருமையான சென்டர். 2022 நவம்பரில், கல்லூரியிலோ என்எஃப்எல்லிலோ ஒரு நாள்கூடப் பயிற்சியாளராக இருந்திராதவரை நடுப் பருவத்தில் தலைமைப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். ஒரு வெற்றி, ஏழு தோல்வி. அந்த ஏழில் ஒன்று, 33-0 என்று முன்னால் இருந்து மினசோட்டாவிடம் 39-36-க்குத் தோற்றது. லீக் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய முன்னிலை வேறெப்போதும் கைநழுவியதில்லை. லைனில் நின்ற அறிவு மட்டும் போதாது, இடையில் உதவியாளராக அடிபட்டுத் தேறும் வருடங்கள் வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். இப்போதெல்லாம் அணிகள் பாஸ் ஆட்டம் வகுப்பவர்களைத்தான் தலைமைக்குத் தேடுகின்றன. லைன் பயிற்சியாளர்கள் லைன் பயிற்சியாளர்களாகவே ஓய்வு பெறுகிறார்கள். அவர்களுக்குள் ஒரு சக் நோல் இருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

கடைசியாக, உங்கள் 75-85 கணக்கில் வராத ஒரு பகுதி. கிரெக் படித்த சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம், ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த விவகாரத்தில் மாட்டியது. 1987 பருவம் முழுவதையும் கல்லூரி விளையாட்டு அமைப்பு ரத்து செய்தது. 1988-ஐப் பல்கலைக்கழகமே கைவிட்டது. மொத்த அணியும் கலைந்துபோன அந்த இடத்துக்கு, 1988 ஜனவரியில் பேக்கர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்தார் கிரெக். 1989-இல் மைதானத்துக்கு வந்த அணியில் பெரும்பாலும் முதலாண்டுப் பையன்கள். லைனில் நின்றவர்களுக்கு லைன்மேன் உருவமே இல்லை. ஐம்பத்தைந்து வயதுப் பயிற்சியாளர் பக்கத்தில் நின்றால் அவர்தான் பெரிய ஆளாகத் தெரிவார். இரண்டாவது ஆட்டத்தில் கனெக்டிகட்டுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் பதினேழு புள்ளி எடுத்து 31-30 என்று ஜெயித்தார்கள். ஹூஸ்டனிடம் 95-21 என்று தோற்றார்கள். இரண்டு பருவம் சேர்த்து 3-19. பிறகு சில வருடம் அங்கேயே விளையாட்டு இயக்குநராக இருந்தார். அதற்கப்புறம் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், கனடா லீக் அமெரிக்காவுக்குள் விரிந்தபோது தொடங்கிய ஒரு புது அணிக்கு இரண்டு பருவம் பயிற்சி.

பார்க்கின்சன் நோயோடு கடைசி வருடங்களைக் கழித்து 2019 ஏப்ரலில் அவர் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன் கொடுத்த பேட்டி ஒன்றில், தன் கால்பந்து வாழ்க்கையில் மனசுக்கு மிகவும் நிறைவாக இருந்த நாட்களில் ஒன்று அந்தக் கல்லூரிப் பையன்களோடு இருந்ததுதான் என்று சொல்லியிருந்தார். அவ்வளவு துணிச்சலான கூட்டத்தைத் தான் பயிற்றுவித்ததே இல்லையாம். சாம்பியன் பட்டங்களைப் பார்த்தவர், 95-21 பார்த்த பிறகு சொன்னது இது.